டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை

"பதினேழு வயசுல எழுதின பரீட்சைக்கு நான் எந்த வயசு வரைக்கும்தான் பதில் சொல்றது?"

தினமும் காலையில் தலை சீவிக்கொண்டே சின்னவள் இதைக் கேட்பாள். கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாலும் கேள்வி என்னவோ சமையலறைக்குத்தான். அங்கிருந்து அம்மாவும் தினமும் அதே பதிலைச் சொல்வாள்: "படிக்கிற வயசுல படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதுடி."

பள்ளி இறுதித் தேர்வில் சின்னவள் வாங்கியது ஐம்பத்து மூன்று சதவீதம். ஃபெயில் ஆகவில்லை, அதனால் உட்கார்ந்து அழவும் முடியவில்லை. பாஸ் என்று நாலு பேரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அப்புறம் கல்லூரியில் ஒழுங்காகவே படித்தாள். ஒரு பார்சல் கம்பெனியின் புகார் பிரிவில் வேலை கிடைத்தது. எவனோ எங்கேயோ தொலைத்த பெட்டிக்கு இவள் போனை எடுத்து வசவு வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த ஆபீசில் ஒருமுறை வெளியாட்கள் நாலு பேர் வந்து இறங்கினார்கள். பார்சல் ஏன் தாமதமாகிறது என்று எல்லோரையும் துருவித் துருவிக் கேட்டார்கள். சுவரெல்லாம் மஞ்சள் காகிதமாக ஒட்டித் தள்ளினார்கள். அவர்களில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் சின்னவளின் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அவர் கிளம்புகிற அன்று, இந்த வேலைக்கு எப்படிச் சேர்வது என்று கேட்டே விட்டாள்.

வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் கன்சல்டிங் போகப் போறேன்" என்றாள்.

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள். "உடம்புக்கு என்னடி?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அது ஒரு வேலை."

"டாக்டர் ரூம் வாசல்ல டோக்கன் குடுக்கிற வேலையா?"

"ஐயோ, இல்லம்மா. ஒரு கம்பெனிக்குப் பிரச்சினைன்னா, என்ன செய்யலாம்னு போய்ச் சொல்றது."

"அவங்க பிரச்சினை அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் நீ எதுக்கு?"

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் இது கிடைக்காவிட்டால் காலம் முழுக்க அடுத்தவன் பெட்டிக்கு வசவு வாங்க வேண்டியதுதான் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அவருடைய கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பித்தாள். பள்ளி மதிப்பெண் கேட்கிற இடத்தைத் தாண்டவே விடவில்லை. ஐம்பத்து மூன்று என்று போட்டதும் 'நன்றி' என்று வந்தது.

"எதுக்கு நன்றி சொல்றான்?" என்றாள் அம்மா.

"போயிட்டு வான்னு சொல்றான்."

கடைசியில் கண்ணாடிக்காரருக்கே போன் போட்டாள். அவர் உள்ளே ஒரு வார்த்தை சொல்ல, அழைப்பு வந்தது. கேஸ் இன்டர்வியூ என்றார்கள்.

அப்பா பேப்பரை மடக்கினார். "யார் மேல கேஸு?"

"யார் மேலயும் இல்லப்பா. அவங்க ஒரு கேஸ் குடுப்பாங்க, நான் சால்வ் பண்ணணும்."

"கன்சல்டிங்னா டாக்டர். கேஸ்னா வக்கீல். நீ என்னவாத்தான்டி போகப் போற?" என்றாள் அம்மா.

பழகிப் பார்க்க ஆள் இல்லாமல் அம்மாவையே எதிரில் உட்கார வைத்தாள் சின்னவள். அம்மா தாளைப் பார்த்துப் படித்தாள்: "ஒரு பேக்கரியில லாபம் குறைஞ்சுபோச்சு. ஏன்?" படித்த வேகத்திலேயே பதிலும் சொன்னாள்: "ரொட்டிய வாயில வைக்க முடியல, அதான்."

"நீ கேள்வி மட்டும் கேளும்மா! இதுல பதில உடனே சொல்லக் கூடாது. முதல்ல பிரிக்கணும்."

"எதை, ரொட்டியையா?"

"வரவு தனி, செலவு தனின்னு. பிரிச்சு ஒவ்வொண்ணா கேட்கணும்."

"நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவன் கடையைச் சாத்திட்டுப் போயிருவான்."

அம்மாவின் கவலையெல்லாம் மார்க்கைப் பற்றித்தான். "ஏன் கம்மின்னு கேட்டா டைபாய்டுன்னு சொல்லிடு."

"எனக்கு எப்பம்மா டைபாய்டு வந்துது?"

"வராட்டி என்ன? ரத்தம் எடுத்தா பார்க்கப் போறான்?"

இன்டர்வியூ முடிந்து சாயங்காலம் வந்தவளின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்ன கேஸ் குடுத்தாங்க?"

"கேஸ் கம்பெனி கேஸ்."

"ஒரு தடவ சொன்னா போதும், காது கேக்குது."

"அடுப்பு கேஸ் விக்கிற கம்பெனிம்மா! இன்டர்வியூ எடுத்த மேடம் கணக்குப் போடச் சொன்னாங்க. பாதியில ஒரு சைபரைச் சேர்த்துப் போட்டுட்டேன். தப்பு மேடம்னு சொல்லி அடிச்சிட்டு, மறுபடி போட்டேன்."

"டைபாய்டு?"

"மார்க் ஏன் கம்மின்னு கேட்டப்போ வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா, படிச்சேன் மேடம், வரலைன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஏதோ எழுதிக்கிட்டாங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு காய்ச்சல் சொல்ல வக்கில்ல, நீ ஊர்ல உள்ள கம்பெனிக்கெல்லாம் யோசனை சொல்லப் போறியா?"

அடுத்த வாரம் வேலை கிடைத்துவிட்டது.

எதற்குக் கொடுத்தார்கள் என்பதுதான் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. கண்ணாடிக்காரரைக் கேட்டால், கேஸை நன்றாகப் பிரித்தீர்களாம் என்கிறார். மேடத்தைக் கேட்டால், தப்பை நீங்களே சொன்னீர்களே என்கிறார். ஆள் எடுக்கிற பிரிவில் கேட்டால், அவசரமாக ஒருத்தர் தேவைப்பட்டது என்கிறார்கள். அம்மா மூன்றாவதை நம்புகிறாள். சின்னவள் ஒரு நாள் ஒன்றை நம்புகிறாள், மறுநாள் இன்னொன்றை. சோதனைக் காலம் முடிந்து வேலை நிரந்தரமாகியும் அந்தக் குழப்பம் போகவில்லை. இதற்கு நடுவில் கன்சல்டிங் என்று காதில் விழுந்ததை வைத்து எதிர்வீட்டு அக்கா முழங்கால் ஸ்கேனோடு ஏறி வந்துவிட்டாள். அம்மா காப்பி கொடுத்து அனுப்பினாள், வேறென்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் வீட்டில்தான் இருப்பாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்து, சைக்கிள் கடைக்கு மேல் மாடி. மார்க்கை நினைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், திட்டுவதை நிறுத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பந்தா இல்லாமல் பேசுவாள், தெரியாததைத் தெரியாது என்பாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டால் அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, அம்மாவுக்கும் கொஞ்சம் விளக்கிவிட்டு வாருங்கள்.