மாலை போடாத கார்த்திகை

சிகரெட்டை விடுவதற்கு யோசனை சொல்ல வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பற்றவைக்காதவர்கள். "மனசு வச்சா முடியாதா?" என்பார்கள். மனசை எங்கே வைத்திருக்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கம்பத்திலிருந்து சுருளி போகிற ரோட்டில் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கே, அந்தப் பந்தலுக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்.

தோட்டம் என் நண்பனுடையது. நாங்கள் பிளஸ் ஒன் படித்தபோது அவனுடைய அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருசம்தான் நாங்கள் இரண்டு பேரும் அங்கே ஆரம்பித்தோம். திராட்சைப் பந்தல் என்றால் வரிசையாகக் கல் தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியைப் படரவிட்டிருப்பார்கள். வளர்ந்த ஆள் தலையைக் குனிந்துதான் உள்ளே நடக்கமுடியும். இலை மூடிவிட்டால் உச்சி வெயிலிலும் உள்ளே மங்கலாகத்தான் இருக்கும். வரப்பில் நிற்கிறவருக்கு உள்ளே இருப்பவனின் கால் மட்டும் தெரியும். உட்கார்ந்துவிட்டால் அதுவும் தெரியாது. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்று நினைத்தோம்.

புகை மட்டும் எங்கள் பேச்சைக் கேட்காது. இலைக்கு அடியிலேயே தேங்கி, வெளியே போக வழி தெரியாமல் எங்களைச் சுற்றிக்கொண்டு நிற்கும். புத்தகத்தை விசிறியாக்கி விரட்டுவோம். அந்த வருசம் வேதியியல் புத்தகத்தை நான் அதிகமாகப் பயன்படுத்தியது அதற்குத்தான். கவாத்து வெட்டுகிற சமயம் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். கொடியையெல்லாம் வெட்டிவிட, பந்தல் மொட்டையாக நிற்கும். மறுபடி இலை துளிர்த்து மூடுகிறவரை இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவோம். "பையன் வெள்ளாமை மேல எம்புட்டு அக்கறையா இருக்கான் பாருங்க" என்று அவனுடைய அப்பா என் அப்பாவிடம் பெருமைப்பட்டாராம்.

வீட்டுக்குப் போகுமுன் ஏலக்காய் மெல்லுவோம். ஏலக்காய் மணத்தால் பிழைக்கிற ஊர்ப்பக்கம் எங்களுடையது. எல்லார் வீட்டிலும் இருக்கும், எல்லார் வாயிலும் மணக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சிகரெட்தான். முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு. பின்பாதியில் காரம் அதிகம். எனக்கு இருமல் வருகிறது என்று அவனாகவே பிரித்த பிரிவினை அது. பிறகு ஆளுக்கொன்று வாங்குகிற நிலைமைக்கு வந்தபோதும் முதல் சிகரெட்டை அப்படித்தான் பங்கு போட்டுக்கொள்வோம்.

நாங்கள் பேசியதில் உருப்படியாக ஒன்றும் கிடையாது. ஆனால் முக்கியமானது எதையும் வேறு இடத்தில் பேசியதும் கிடையாது. எனக்கு வேலை எதுவும் அமையாமல், கம்பத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை போடப்போகிறேன் என்று முதலில் சொன்னது அங்கேதான். அவனுடைய அப்பா தவறிப்போன பிறகு, காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவன் அழுததும் அங்கேதான். வீட்டில் அவன் அழவில்லை. ஒரு இழுப்பு இழுத்து, புகையை விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதான். சிகரெட் இல்லாமல் பேச நாங்கள் பழகவே இல்லை. அப்போது அது ஒரு குறையாக எனக்குத் தெரியவில்லை.

விடவேண்டும் என்று நினைக்காமல் இல்லை. அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய விசயமே இல்லை. கார்த்திகை, மார்கழி முழுக்கத் தேனியிலிருந்து குமுளி போகிற ரோட்டில் ஐயப்பசாமிகளின் வண்டிதான். வீட்டு வாசலில் நின்றாலே சரணம் கேட்கும். நாங்களும் வருசா வருசம் கறுப்பு வேட்டி கட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டு, பச்சைத் தண்ணீரில் குளித்து விரதம் இருந்தோம். மாலை கழுத்தில் கிடக்கிற அந்த ஒரு மண்டலமும் சிகரெட்டைத் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை, அதுதான் அதிசயம். மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும். ஆகவே அவன் என்னைத் திட்டுவதும் மரியாதையாகவே இருக்கும்.

"சாமி, கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாறீகளா சாமி?"

மலைக்குப் போய்த் திரும்பி, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றுவோம். கழற்றிய கையோடு நேரே பந்தலுக்கு. வேட்டிகூட மாற்றியிருக்க மாட்டோம். அந்த முதல் இழுப்பில் தலை கிறுகிறுவென்று சுற்றும். "இதுக்காகவே மாலை போடலாம்டா மாப்ள" என்பான், கண்ணை மூடிக்கொண்டு.

நாங்கள் செய்த தப்பு இதுதான். குடித்ததைச் சொல்லவில்லை. நினைத்தால் விட்டுவிடலாம், வருசா வருசம் விட்டுக் காட்டுகிறோமே என்று நம்பினோம். விடமுடியாதவனாவது பயந்திருப்பான். எங்களுக்கு அந்தப் பயமே வரவில்லை. அந்தத் தைரியத்திலேயே இருபது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சில வருசங்களுக்கு முன் ஒரு வைகாசியில், தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தேனிக்குக் கொண்டுபோனோம். அடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஒன்று பிடித்தாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். காரமான பாதியையெல்லாம் இவன்தானே குடித்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் ஒரு சிகரெட் பற்றவைத்தேன். சிரிப்பதற்கில்லை, எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். போகும்போது சிகரெட் பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவேன். வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். அவன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவான். "தள்ளி உக்காராதடா. இங்கன வா, பக்கத்துல வா" என்பான். உடம்பு சரியில்லாதவன், பாசத்தில் கூப்பிடுகிறான் என்று ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு நாள் அவனுடைய மனைவி என் கடைக்கு வந்தது. என்னை அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளை அது. கையில் ஒரு பை நிறையத் திராட்சை. பிள்ளைகளுக்கு என்று மேஜையில் வைத்துவிட்டு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னது.

"அண்ணே, தப்பா நினைக்காதீக. நீங்க வந்துட்டுப் போனீகன்னா அவுக அன்னைக்குப் பூரா ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறாக. நேத்துத் தண்ணி பாய்ச்சுற ஆளுகிட்டப் பீடி கேட்டிருக்காக."

"நான் அங்கன குடிக்கிறதே இல்லையே ஆத்தா."

"தெரியும்ணே. உங்க மேல அந்த வாடை இருக்கு. அவுக அதத்தான் மோந்துக்கிட்டு இருக்காக." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "கொஞ்ச நாளைக்கு வராதீகண்ணே."

சரி என்றேன். அது போன பிறகு, ஒட்டி உட்காரச் சொன்னது ஞாபகம் வந்தது. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, பிறகு இரண்டும் போய்விட்டது.

வாடை போகட்டும், அப்புறம் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். எனக்குக் காரணம் அது ஒன்றுதான். நுரையீரல், ஆயுசு, பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனவை. எனக்கு அவன் வீட்டு வாசல்படியை மிதிக்கவேண்டும். அதற்கு என் சட்டையில் அந்த வாடை இருக்கக்கூடாது.

ஆடியில் தொடங்கினேன். காலையில் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். அதற்காக வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனால் அங்கேயும் ஒரு டீக்கடை. சூயிங்கம் மென்றேன், கடலைமிட்டாய் தின்றேன், பட்டையும் கிராம்பும் கடித்தேன். காலைக்கடன் கழிப்பதே பெரும் போராட்டமாகிவிட்டது, அதை விவரமாக எழுதமுடியாது. கத்தரிச் செடியில் வெள்ளை ஈ விழுந்திருக்கிறது என்று மருந்து கேட்ட ஒரு சம்சாரியை, "எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திவிட்டேன். பாவம், அந்த மனிதர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடைக்கு வந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சில நாட்கள் ஓட்டுவேன். பிறகு ஏதோ ஒரு மத்தியான வேளையில், கடைக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்து நின்றுகொண்டிருப்பேன். ஒவ்வொரு தடவை தோற்கிறபோதும் அவனைப் பார்க்கிற நாள் தள்ளிப்போகும். அதுதான் வலித்தது.

இப்படியே கார்த்திகை வந்துவிட்டது. மாலை போட்டால் போதும், மறுநிமிசமே சிகரெட் மறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு சுலபம். கழுத்து அரித்தது என்றே சொல்லலாம். எங்கள் குருசாமி கடைக்கே வந்து கேட்டுவிட்டார்.

"என்னப்பா, மாலை எடுத்து வச்சிருக்கேன், நீ வந்து போட்டுக்கலையே?"

"இந்த வருசம் இல்ல சாமி."

"வீட்ல எதுவும் துக்கமா?"

இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்குகிற அளவுக்கு எனக்கும் பொறுமை இல்லை. மாலை போட்டால் ஒரு நாள் கழற்றவேண்டும். கழற்றினால் என் கால் தானாக எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முடிகிற தேதி தெரிந்த விரதம் எனக்கு வேண்டாம். ஐயப்பன் கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். வண்டி வண்டியாகச் சாமிகள் கடை வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு, செருப்புக் காலோடு, சூயிங்கம் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனும் அந்த வருசம் மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனும் தன் வீட்டில் இதே சரணத்தைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். அந்த ஏக்கம் இருக்கிறதே, அதற்கு முன்னால் சிகரெட் ஏக்கம் ஒன்றுமே இல்லை.

அந்தக் கார்த்திகையில்தான் விட்டேன். கடைசியாகக் குடித்தது எந்த நாள் என்று ஞாபகமில்லை. மார்கழி போனது, தை போனது, விழவில்லை. பங்குனியில் ஒரு நாள் குளித்து, சட்டை மாற்றி, என் மனைவியிடம் மோந்து பார்க்கச் சொன்னேன். காலர், கை, தலைமுடி எல்லாம் மோந்துவிட்டு, "பூச்சிமருந்து வாடைதான் வருது. போய்ட்டு வாங்க" என்றாள்.

அவன் பந்தலுக்கு அடியில்தான் இருந்தான். அறுப்பு நேரம். பெண்கள் கொத்துக் கொத்தாக வெட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "ஏலே!" என்று கத்திக்கொண்டு குனிந்தபடியே ஓடிவந்தான். கட்டிப்பிடித்தான். என் தோளில் மூக்கை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"வாடையே இல்லையேடா."

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"கார்த்திகையில."

"மாலை போட்டியா?"

"போடல."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா மாப்ள?" என்றான். "ஆமா, நான் என்ன உங்க பாட்டனுக்காகவா விட்டேன்?" என்று சொன்னேன். சிரித்தோம். ஆட்களை விட்டு எட்டப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்த பிறகு பேச்சு வரவில்லை. அவன் திராட்சைக்கு இப்போது என்ன விலை போகிறது என்று ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். நான் என் பெரிய பிள்ளையின் படிப்பைப் பற்றி ஏதோ சொன்னேன். அதுவும் நின்றுபோனது. பேச எவ்வளவோ இருந்தது, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. தற்செயலாகப் பார்த்தேன். அவனுடைய வலது கையின் இரண்டு விரல்கள் உதட்டருகே போய் நின்றிருந்தன. என் கையும் அப்படியேதான் நின்றிருந்தது. அவனும் அதைப் பார்த்துவிட்டான். முகம் வெளிறிப்போய்விட்டது.

"மாப்ள, வாடையால இல்லடா" என்றான் மெதுவாக. "உன்னையப் பாத்தாலே அந்த நெனப்பு வருதுடா."

"கொஞ்ச நேரம் இருந்து பாப்போம்."

"வேணாம். நீ போயிருடா."

கோபத்தில் சொல்லவில்லை. போயிருடா என்று சொன்னவன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு விட்டான். நான் எழுந்து வந்துவிட்டேன். தோட்டத்து வாசலில் அவனுடைய மனைவி காப்பியோடு நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடிக்கச் சொல்லவில்லை.

பிறகு போனில் பேசிப் பார்த்தோம். இரண்டாம் தடவையே, "உன் குரலக் கேட்டாலும் அதே கததான்டா" என்று வைத்துவிட்டான். நான் இன்றுவரை தொடவில்லை. அவனும் தொடவில்லை என்று கேள்வி. அவன் நன்றாக இருக்கிறான், அது போதும் என்று என் மனைவி சொல்கிறாள். போதவில்லை.

போன வாரம் திராட்சைக் கமிசன் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், காலையில் அவன் தோட்டத்தில்தான் இருந்தேன், ஆள் நல்லா சதை போட்டிருக்கிறான் என்றார். நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சிரிக்கிறானா என்று கேட்டேன். சிரிக்கிறான் என்றார். தலை நரைத்துவிட்டதா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இந்தா இருக்கு தோட்டம். வண்டியில போனா பத்து நிமிசம். நீங்களே போய்ப் பாத்துட்டு வரலாமுல்லண்ணே?"

"அது கிடக்கட்டும்" என்றேன். "மீசை வச்சிருக்கானா, எடுத்துட்டானா? அத மட்டும் சொல்லுப்பா."