விசாரணைக்கு வந்தவர்களுக்கு மட்டன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள் அம்மா, அப்பா, நான், சென்னையிலிருந்து விசாரணைக்கு வந்த பெரியவர் ஒருவர், அவருடன் வந்த இளம்பெண். தெருவில் நின்ற காருக்குள் டிரைவர் இருந்தார். யாருடைய படிப்புக்காக அந்த விசாரணையோ அந்தத் தங்கச்சி மட்டும் இல்லை. அவள் வேலூரில், நர்ஸிங் மாணவிகளுக்குப் போடும் ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தாள்.

விசாரணை என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற ஓர் அறக்கட்டளை அது. விண்ணப்பம் போட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் வந்து, சுவரைப் பார்த்து, சமையலறையைப் பார்த்து, இவர்கள் ஏழைகள்தான் என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். வருமானச் சான்றிதழ், அம்மாவின் சம்பளச் சீட்டு எல்லாம் நான் ஏற்கெனவே இணைத்திருந்தேன். காகிதத்தை நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சலுகையை நான் வாங்கிக்கொண்டதால் தங்கச்சிக்கு அது இல்லை. ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான். இப்போது மேல்விஷாரத்தில் ஒரு தோல் வியாபாரியின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பா தோல் பதனிடும் டேனரியில் கூலி. அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததும் கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை என்றார்கள். ஷூ கம்பெனிக்கு ஜலதோஷம் பிடித்தால் டேனரி தும்மும். அப்பாவுக்கும் வேலை பாதியாயிற்று.

அப்போது நாங்கள் எதையெல்லாம் விட்டோம் என்று அந்தப் பெரியவர் கேட்கவே இல்லை. கேபிளை நிறுத்தினோம். அப்பா ஷேர் ஆட்டோவை விட்டு நடந்தார். முட்டை நின்றது. தீபாவளிக்குத் தங்கச்சிக்கு மட்டும் துணி. விடாதது இரண்டு. அம்மா தலையில் தினமும் ஒரு முழம் பூ. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி.

பிரியாணி என்றால் பீஃப் பிரியாணி. எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டு பிளேட் வாங்கி, அதில் வீட்டுச் சோற்றையும் கொஞ்சம் கலந்து, கத்திரிக்காய்த் தொக்கைத் தாராளமாகக் கேட்டு வாங்கி வந்தால் நான்கு பேர் சாப்பிடுவோம். மட்டன் என்றால் அதே காசுக்கு ஒரு பிளேட்கூட முழுதாக வராது. அப்பா ஒருமுறை, "இந்த மாசம் மட்டும் நிறுத்திப் பாக்கலாமா?" என்று கேட்டார். அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "ஆறு நாளு ரசம் ஊத்துறேன், யாராவது வாயத் தொறந்தீங்களா? ஏழாவது நாள்ல கை வக்காத." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பூவைப் பற்றி நான்தான் ஒருமுறை யாரிடமோ அம்மாவுக்குப் பரிந்து பேசினேன். நாளெல்லாம் தோலும் பசையும் மோந்து மோந்து அந்த நாற்றம் தலைமுடியிலெல்லாம் ஏறிவிடுகிறது, அதற்காகத்தான் பூ என்று. கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. "நாத்தத்துக்காக வக்கிறேன்னு நான் உன்கிட்ட சொன்னேனா? எனக்குப் புடிக்குது, வக்கிறேன்." அவ்வளவுதான். ஏழை ஒன்றை வைத்துக்கொண்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று எனக்கே பழகிப்போயிருந்தது.

விசாரணைக்கு ஆள் வருவது தெரிந்ததும் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். அம்மாவோடு ஒரே லைனில் வேலை செய்பவர். போன வருஷம் அதே அறக்கட்டளையில் தன் பையனுக்குப் பணம் வாங்கியவர்.

"யக்கா, நான் சொல்றத கேளு. டிவிய கழட்டி எங்க வீட்ல வை. ஃபிரிட்ஜு மேல பழைய பொடவைய போட்டு மூடு. அன்னிக்கு ஒரு நாளு பூ வக்காத."

"பொடவைய போட்டு மூடினா ஃபிரிட்ஜு பீரோவா ஆய்டுமா?"

"கிண்டல் பண்ணாத. அவுங்க வந்தா மொதல்ல சமையல்கட்டதான் பாப்பாங்க. நான் பானைய காலியா கவுத்து வச்சேன், தெரியுமா?"

"பாக்கட்டுமே. இன்னா, திருடியா வச்சிக்கிறோம்?"

அக்கா என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லு தம்பி. படிச்சவன்தானே?"

எனக்கும் மூட இஷ்டமில்லை. பத்து வருஷம் பழைய ஃபிரிட்ஜ், தவணையில் வாங்கியது. அதை ஒளித்து வைத்துத்தான் தங்கச்சி படிக்க வேண்டும் என்றால் அது என்ன படிப்பு?

சனிக்கிழமை போன் வந்தது. மதியம் பன்னிரண்டுக்கு மேல் வருவோம் என்றார்கள். போனை வைத்ததும் அம்மா சொன்னாள்: "சோத்து நேரத்துக்கு வர்றாங்க. ஆம்பூருக்கு வந்தவங்கள பிரியாணி போடாம அனுப்பிச்சா நல்லாவா இருக்கும்?"

"நம்ம கடையில வாங்கிடட்டா?" என்றார் அப்பா.

"பீஃபு துன்றவங்களோ இன்னாவோ. வெளியூரு ஆளுங்க. மெயின் ரோட்டுக் கடைக்குப் போ, மட்டன் வாங்கினு வா."

நான் குறுக்கே விழுந்தேன். "அம்மா, அவங்க நாம கஷ்டப்படுறோமான்னு பாக்க வர்றாங்க."

"கஷ்டப்பட்டா வந்தவங்களுக்குச் சோறு போடக்கூடாதுன்னு உங்க பாரத்துல எழுதிக்கீதா?"

பாரத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. கேஸ் சிலிண்டருக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அப்பா மட்டன் பிரியாணி மூன்று பிளேட் வாங்கி வந்தார். பெரியவருக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று. டிரைவரை அம்மா மறக்கவில்லை. அந்த வாரம் எங்களுக்குப் பிரியாணி இல்லை. இரண்டு கடையிலும் வாங்கப் பணம் இல்லை.

வந்தார்கள். பெரியவர் நல்லவிதமாகத்தான் பேசினார். அம்மாவை "அம்மா" என்றும் அப்பாவை "ஐயா" என்றும் கூப்பிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். அதில் தண்ணீர் பாட்டிலும் இட்லி மாவும் இருந்தன. கையில் டேப்லெட் வைத்திருந்த அந்தப் பெண் அவர் சொல்வதையெல்லாம் அதில் அடித்துக்கொண்டாள். வெளியே கார் ஓடிக்கொண்டே இருந்தது, ஏசியை நிறுத்தவில்லை.

அம்மா இலை போட்டாள். "வேணாம்மா, எதுக்கு சிரமம்" என்று ஒருமுறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். கத்திரிக்காய்த் தொக்கை இரண்டு தடவை கேட்டார். "ஆம்பூர்னா ஆம்பூர்தான்யா" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. டேனரியில் மேஸ்திரி ஏவுவாரே தவிர, யாரும் அவரைப் பார்த்துச் சிரித்துப் பேசுவதில்லை.

"நீங்க சாப்பிடலையா?"

"நாங்க அப்பால சாப்ட்டுக்குறோம் சார். நீங்க சாப்டுங்க" என்றாள் அம்மா.

"வாராவாரம் பிரியாணி உண்டா?"

அப்பா பெருமையாகச் சொன்னார்: "ஆமா சார். ஞாயித்துக்கெழமன்னா இது இல்லாம நமக்கு ஆவாது."

சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெண்ணின் இடது கை விரல் டேப்லெட்டில் ஓடியதைப் பார்த்தேன். "சார், நாங்க வாங்குறது மட்டன் இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இலையில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விலை பேசினால் அவருக்குச் சோறு இறங்குமா? அதுதான் அந்தப் பார்வை.

கை கழுவ நான்தான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். கார்வரை பின்னாலேயே போய் அங்கே சொல்லிவிட்டேன். மட்டன் உங்களுக்காக வாங்கியது, நாங்கள் வாங்குவது பீஃப், அதுவும் இரண்டு பிளேட்தான், இன்று அதுவும் இல்லை, நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீங்க படிச்சவர். உங்களுக்குச் சொன்னா புரியும். பீஃபோ மட்டனோ, செலவு செலவுதான். உதவி கேக்கறவங்க முதல்ல தங்களைக் குறைச்சுக்கணும். அம்மா தலையில பூ வேற. நான் தப்பாச் சொல்லல, ஒரு ஒழுங்குக்காகச் சொல்றேன்."

தோளில் இருந்த அந்தக் கையில் பிரியாணி வாசனை போகவில்லை. கார் கதவு திறந்ததும் குளிர்ச்சி என் முகத்தில் அடித்தது. அவர் ஏறிக்கொண்டார்.

நாங்கள் மூவரும் ரசம் சாதம் சாப்பிட்டோம். "பெரிய மனுசன், சங்கோஜம் இல்லாம சாப்ட்டாரு" என்றாள் அம்மா. அவளுக்குத் திருப்தி.

சில நாளில் குறுஞ்செய்தி வந்தது. தகுதி இல்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். டேப்லெட் வைத்திருந்த அதே பெண் எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "உணவும் வாழ்க்கைத் தரமும் திருப்திகரம்னு இருக்கு அண்ணா. அவர் சொன்னார், நான் அடிச்சேன்."

"நீங்களும்தானே சாப்பிட்டீங்க?"

"ஆமா அண்ணா." பிறகு, "நல்லா இருந்துச்சு" என்றாள். என்னால் அவள்மேல் கோபப்பட முடியவில்லை. அவளும் எங்கேயோ மாதச் சம்பளத்துக்கு விரல் ஓட்டுகிறவள்.

ஆனால் அந்தத் திருப்திகரம் என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. யாருக்குத் திருப்தி? தின்றவருக்குத் திருப்தி. நான் கணக்குப் படித்தவன், கணக்காகவே கேட்கிறேன். வருஷம் முழுக்க ஞாயிறு பிரியாணியை நிறுத்தி, அம்மா தலையில் ஒரு பூகூட வைக்காமல் அத்தனையும் சேர்த்தாலும் தங்கச்சியின் ஒரு வருஷக் கட்டணத்தில் பாதி தேறாது. பாதிகூடக் கட்ட முடியாத காசுக்காக, வாரத்தில் நாங்கள் மனுஷர்களாக உட்கார்கிற அந்த ஒரு மணி நேரத்தையும் கொடுத்துவிட வேண்டுமாம். பசித்த முகத்தோடு நின்றால் பணம் தருவார்கள். சிரித்த முகத்தோடு இலை போட்டால் தர மாட்டார்கள். காலிப் பானையைக் கவிழ்த்து வைத்த எதிர்வீட்டு அக்காவைப் பொய் சொல்ல வைத்தது யார்? அந்தப் பொய்க்குப் பணம் கொடுத்தார்கள். எங்கள் உண்மைக்குக் கிடைத்தது திருப்திகரம்.

செய்தி தெரிந்து அக்கா வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல யக்கா. இப்போ பாரு, எவ்ளோ பேஜாரு."

"சொன்ன, சொன்ன. நீ ஜெயிச்சிட்ட. டீ குடிச்சிட்டுப் போ" என்றாள் அம்மா.

அன்று மாலை தங்கச்சி ஹாஸ்டலிலிருந்து பேசினாள். பாக்கி முப்பத்தாறாயிரத்தைக் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். "அண்ணா, நான் வேணா இந்த வருஷம் நின்னுட்டு அம்மா கம்பெனிக்கே போவட்டா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த அம்மா போனைப் பிடுங்கினாள். "கம்பெனில எனக்கே வேல இல்ல. நீ வந்து இன்னா பண்ணுவ? ஒழுங்காப் படி" என்று கத்திவிட்டு என் கையில் திணித்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா கடைக்குப் போகாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். தான் வாய்விட்டுச் சொன்ன சொல்லால்தான் பெண் படிப்பு போகிறது என்று அவருக்குள் ஓடியிருக்க வேண்டும். அம்மா பையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"போய் வாங்கினு வா."

"வேணாம். இனிமே வேணாம்."

"அவன் எழுதிட்டான்னு நாம ஏன் பட்டினி கெடக்கணும்? அவன் எழுதுனது அவனோட. இது நம்மளுது. தொக்கு ஜாஸ்தியா கேளு, போன தபா கம்மியா குடுத்தான்."

அப்பா போனார். சாப்பிட்டோம். இலையில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை.

மறுநாள் காலையில் அம்மா கழுத்துச் செயினைக் கழற்றினாள். ஷூ கம்பெனி போனஸைப் பல வருஷம் சேர்த்துச் செய்த ஒரே நகை அது. நானும் அவளும் அடகுக் கடைக்குப் போனோம். அம்மா கொண்டையில் புதிதாகப் பூ இருந்தது. கடைக்காரர் செயினைத் தராசில் போட்டுப் பார்த்தார். பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்ன சாப்பிடுவீர்கள் என்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வகையில் மரியாதைக்காரர் அவர்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நூற்றுக்கு மாதம் ஒன்றே முக்கால் வட்டி என்றார். கையெழுத்துப் போட்டேன். அன்று மதியமே வேலூர் போய்க் கட்டணத்தைக் கட்டினேன். தங்கச்சி பரீட்சை எழுதினாள்.

அவர்கள் வந்த அந்த ஞாயிறு இலை போடாமல், பூ வைக்காமல், பானையைக் கவிழ்த்து வைத்திருந்தால் இந்தச் செலவு எங்களுக்கு இருந்திருக்காது. பத்து மாதம் கழித்துச் செயினை மீட்கும்போது அசலும் வட்டியும் சேர்த்து நாங்கள் கட்டியது நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.