மூன்றாம் நம்பர் பிரஸ்ஸும் நூறு மார்க்கும்

பழனியாத்தாள் தாராபுரத்துப் பக்கம் களையெடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்த புதிதில் கணபதிப் பகுதியில் மோட்டார் தகடு அடிக்கும் பட்டறை ஒன்றில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். பிறகு அடித்த தகடுகளை அடுக்கிக் கட்டும் பேக்கிங் வேலை. ஒருநாள் ஆபரேட்டர் வராத குறைக்கு அவளை, பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கித் தகட்டை அடிக்கும் மூன்றாம் நம்பர் பவர் பிரஸ்ஸில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

பேக்கிங்கில் இருப்பவர்கள் தரையில் குந்தவேண்டும். பிரஸ் ஓட்டுகிறவளுக்கு ஸ்டூல் உண்டு, தலைக்கு மேல் ஃபேன் உண்டு. தோட்டங்காட்டில் அவளைவிட வயதில் சின்னப் பொடியன்களெல்லாம் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இங்கே முதலாளி வரதராஜுலுவே "ஏனுங்க்கா" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஸ்டூல் வெறும் ஸ்டூல் இல்லை. புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல் நின்றவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே பதவி அதுதான்.

அந்தப் பதவிக்குத்தான் போன வருடம் சோதனை வந்தது. தகடு வாங்கும் பெரிய கம்பெனி, இனிமேல் பிரஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு பரீட்சை பாஸாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. பேப்பரும் பேனாவும் கிடையாது. முகத்தில் ஒரு வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு பட்டறை தெரியும். அங்கே பொய்த் தகட்டைப் பொய் பிரஸ்ஸில் வைத்து, பொய்ப் பெடலை மிதிக்க வேண்டும். கை போகக்கூடாத இடத்துக்குப் போனால் எல்லாம் சிவப்பாகிவிடும், மார்க் குறையும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

"பயப்படாதீங்க. இது கேம்தானுங்க, விளையாட்டு மாதிரி" என்றான், கம்பெனியிலிருந்து கண்ணாடியைக் கொண்டுவந்த கிருபாசங்கர். விளையாட்டு வினையாகும் என்று அவன் படித்த பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. பழகிப் பார்க்கட்டும் என்று கண்ணாடியை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நடுவில் ஆயுத பூஜை வந்தது.

பட்டறையில் ஆயுத பூஜைக்கு மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது பழனியாத்தாளின் வேலை. லேத்துக்கு வைத்தாள், டிரில்லிங் மிஷினுக்கு வைத்தாள், தராசுக்கு வைத்தாள், முதலாளியின் கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். மேசையில் கிடந்த கண்ணாடியை மட்டும் விட்டுவிடுவாளா? பிழைப்பே இனி அதன் கையில் இருக்கிறதே. மற்றதற்கெல்லாம் வைத்ததை விடக் கொஞ்சம் தாராளமாகவே சந்தனத்தைக் குழைத்து, கண்ணாடியின் முன்பக்கம் அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். முன்பக்கத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னக் கண்கள் இருந்தன. அவை காமெரா என்பதும், கை எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கண்ணாடி அவற்றை வைத்துத்தான் பார்க்கிறது என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

பரீட்சையன்று, மூத்தவள் என்ற மரியாதைக்கு அவளைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்குள் அவள் வலது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. இங்கே எடுத்தால் அங்கே கிடந்தது. சில நேரம் காணாமலே போய், பிரஸ்ஸுக்கு அடியில் முளைத்தது. சிவப்பு, மறுபடி சிவப்பு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடியைக் கழற்றியபோது அவள் முகம் வியர்த்துக் கொட்டியிருந்தது.

கிருபாசங்கர் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தான். "யாருங்க இதுக்குப் பொட்டு வெச்சது? காமெரா மேலயே வெச்சிருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே கர்ச்சீப்பால் துடைத்தான்.

"நாந்தானுங்க வெச்சுப்போட்டேன். அதனாலதானுங்களா கை ஓடிப்போச்சு? இன்னொருக்கா பண்றனுங்க."

"மார்க்கு நேரா கம்பெனிக்குப் போயிருச்சுங்க. இனி மூணு மாசம் கழிச்சுத்தானுங்க."

"நா பாத்துக்கறேனுங்க்கா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார் வரதராஜுலு. எங்கள் ஊரில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக இருந்தாலும் "கொஞ்சம் அக்கட்டால போங்க" என்றுதான் தள்ளுவார்கள்.

துடைத்த கண்ணாடியை வைத்து மற்றவர்கள் எல்லாரும் பாஸானார்கள். யார் வேண்டுமானாலும் பரீட்சைக்கு உட்காரலாம் என்றதும், பேக்கிங்கில் இருந்த யுவஸ்ரீயும் சும்மா மாட்டிப் பார்த்தாள். பழனியாத்தாளின் தம்பி அன்புமணியின் மகள் அவள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்த பெண்ணை, நானிருக்கிறேன் அனுப்பு என்று சொல்லி வரவழைத்துத் தன் வீட்டிலேயே வைத்திருந்தாள் பழனியாத்தாள். போனில் விளையாடிப் பழகிய கை. நூற்றுக்கு நூறு வாங்கினாள். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை அவளிடம் கொடுத்தார்கள். பழனியாத்தாள் தரையில் குந்தித் தகடு கட்டப் போனாள்.

அந்த மூன்றாம் நம்பருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குளிர்ந்த காலை வேளைகளில், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும், யாரும் மிதிக்காமலே இரண்டாவது அடி ஒன்று இறங்கும். எப்போதும் இல்லை, எப்போதாவது. அதனால் காலையில் தகடு வைக்காமல் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் பழனியாத்தாள் கையை உள்ளே விடுவாள். முதலாளியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "பாத்துக்கலாங்க்கா" என்பார், பார்க்க மாட்டார். கண்ணாடிக்குள் இருந்த பிரஸ் யோக்கியமான பிரஸ். காலை எடுத்தால் நின்றுவிடும்.

பிரஸ்ஸில் உட்காரப் போகும் அன்றைக்குக் காலை, தலை பின்னிக்கொண்டே யுவஸ்ரீ கேட்டாள். "அத்தை, அந்த மிஷின்ல எதுனாச்சும் பாத்து நடந்துக்கோணுமா?"

பழனியாத்தாளுக்கு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. கூடவே, எல்லாரும் சிரித்ததும் வந்தது.

"நூறு வாங்குனவளுக்கு நா என்னத்தச் சொல்லித்தர்றது அம்மணி? அதெல்லாம் அந்தக் கண்ணாடிலயே காட்டியிருப்பாங்களே."

யுவஸ்ரீக்கு முகம் வாடிப்போனது. அதைப் பார்த்துப் பழனியாத்தாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பொறாமை பொல்லாதது, சொந்த ரத்தம் என்று பார்க்காது. சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் அந்தப் பெண் நல்லபடியாக வந்து, எவ்வளவு அடித்தேன் தெரியுமா என்று பெருமை பேசியபோது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த மிஷினும் கொஞ்ச நாள் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒன்றும் ஆகவில்லையே, இனி சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. மனசுக்குக் காரணமா கிடைக்காது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அது இறங்கியது. பழனியாத்தாள் தகடு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு அடி கேட்டது. மிதித்த அடி. அதன் வாலைப் பிடித்தாற்போல இன்னொரு அடி கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. யுவஸ்ரீ கத்தவில்லை. கண்ணாடிக்குள் போலச் சுற்றிலும் எல்லாம் சிவப்பாகி மறுபடி ஆரம்பிக்கும் என்று காத்திருந்தவளைப் போல, கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தாராபுரத்திலிருந்து அன்புமணி வந்தான். யாரையும் திட்டவில்லை. "நீ கூட இருக்கறன்னுதானக்கா அனுப்பிவெச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் திட்டியிருந்தால் தேவலாம்.

மயக்கம் தெளிந்த யுவஸ்ரீ கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "நா காலை எடுத்துட்டேன் அத்தை. நெசமாலுமே எடுத்துட்டேன். அது அப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது கண்ணு" என்றாள் பழனியாத்தாள்.

வரதராஜுலுவும் அதையேதான் கம்பெனிக்குச் சொன்னார். மிஷினில் பழுது எதுவும் தெரியவில்லை, பொண்ணு அவசரப்பட்டுக் கையை விட்டுவிட்டது என்றார். பழனியாத்தாளைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளையோட வைத்தியத்த நா பாத்துக்கறேன். பழைய கதையெல்லாம் இப்ப எதுக்குங்க்கா" என்றார். அவள் தலையாட்டினாள். அவருக்கு அவருடைய பட்டறை, இவளுக்கு இவளுடைய பொய். பிறகு மெக்கானிக் வந்து அரை நாளில் மூன்றாம் நம்பரைச் சரி செய்துவிட்டுப் போனான். அரை நாள் வேலை.

மூன்று மாதம் ஆனதும் கிருபாசங்கர் மறுபடி கண்ணாடியோடு வந்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் பழனியாத்தாள் போனாள். தரையில் குந்திக் குந்தி முழங்கால் வீங்கியிருந்தது. "உக்காருங்க்கா" என்று நாற்காலியை நகர்த்தினான். உட்கார்ந்தாள்.

இந்த முறை கை சொன்னபடி கேட்டது. தகடு வைத்தாள், எடுத்தாள், மிதித்தாள். சிவப்பே வரவில்லை. கடைசியில் பக்கத்து பிரஸ்ஸில் புதிதாக ஒரு பொம்மைப் பெண் வந்து உட்கார்ந்தது. நீலச் சட்டையும் பின்னலுமாக, யார் சாயலும் இல்லாத பொம்மை. அது பிரஸ்ஸுக்கு அடியில் கையை நீட்டியது.

"கையெடு கண்ணு, அது ரெண்டாவது அடி அடிக்கும்" என்று பழனியாத்தாள் வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், மிஷின்களை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைத் தேடி அடித்தாள். பொய் பட்டறையில் எல்லா மிஷினும் நின்றது. பொம்மைப் பெண் முழுக் கையோடு எழுந்து அவளைப் பார்த்துக் கும்பிட்டது.

"சூப்பருங்க்கா" என்று கண்ணாடியைக் கழற்றினான் கிருபாசங்கர். "பக்கத்து ஆளை எச்சரிச்சா அதுக்குன்னு தனி மார்க்கு இருக்குதுங்க. நெறையப் பேரு விட்டுடுவாங்க. நூத்துக்கு நூறுங்க."

அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். "அட, அழுகாதீங்க்கா. அதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க, வெறும் பொம்மைதானுங்க."

அன்று மத்தியானமே மூன்றாம் நம்பர் காலியாக இருக்கிறது என்று வரதராஜுலு சொல்லியனுப்பினார். பழனியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.