ஆணி இல்லாத வீடு

இத்தாலியில் பகேரியா என்ற ஊரில் அம்மா வேலை செய்த வீடு, கல்வீடுகளுக்கு நடுவே வேற்று ஆள் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும். யாரோ ஓர் ஆங்கிலேயர் தன் ஊர் ஞாபகத்தில் கட்டியதாம். ஓக் மரத் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் வெளியிலேயே தெரியும். இடைவெளிகளில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. மரத்துக்குள் மரத்தைச் செருகி, மர முளையால் இறுக்கியிருந்தார்கள். சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்கார அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் தூணைத் தட்டிக்காட்டி, "இந்த மரங்களில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லை" என்று பெருமையடிப்பார். நாங்கள் பின்பக்க அறையில் குடியிருந்தோம். அந்த அறைக்கு வாடகையாகத்தான் அம்மா சமைத்தார், அப்பா தோட்டம் பார்த்தார்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது யாழ்ப்பாணத்தில் சித்தப்பா செத்துப்போனார். அப்பாவின் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்த இடத்திலேயே கிடந்ததால் அவரால் போக முடியவில்லை. செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கிலாவது தம்பியின் படத்தைத் தெற்குப் பார்க்க மாட்டி மாலை போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சுவரில் அடித்த ஆணி சுண்ணாம்போடு உதிர்ந்து விழுந்தது. அப்பா எங்கள் அறைத் தூணைப் பார்த்தார்.

"மரத்திலை அடிக்காதேங்கோ. வீட்டுக்கார மனிசி எங்களை வெளியாலை போகச் சொல்லிப்போடும்" என்று அம்மா கெஞ்சினார்.

"வேறை எங்கை கொழுவுறது? அவனுக்கு நான் வேறை என்னத்தைச் செய்தனான்?"

அப்பா தூணில் ஆணியை அடித்துப் படத்தை மாட்டினார். சுத்தியல் சத்தத்துக்குச் சிஞ்ஞோரா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். இனித் தெருதான் என்று புத்தகப் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். அவர் ஆணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், யார் என்று கேட்டார்.

"தம்பி" என்றார் அப்பா, இத்தாலிய மொழியில்.

சிஞ்ஞோரா ஆணியைச் சுற்றி விரலால் ஒருமுறை தடவினார். பொல்லை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவருடைய விருந்தாளிகள் வந்தார்கள். நாங்கள் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சிஞ்ஞோரா வந்து, தூணில் தொங்கிய படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எங்கள் கதவை மெல்லச் சாத்தினார். பிறகு அப்பால் வழமைபோலத் தூணைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஓர் ஆணிகூட இல்லை."

"அம்மா, சிஞ்ஞோரா பொய் சொல்லுறா!"

"ஓம், பொய்தான். நீ வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

அப்பா சோற்றுக் கோப்பைக்கு மேல் குனிந்து அழுதுகொண்டிருந்தார். சித்தப்பாவின் செய்தி வந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. பொய் சொன்னது சிஞ்ஞோரா, இவர் எதற்கு அழுகிறார் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டு திரிந்தேன்.