இணையக் கடைக்கு யார் போணி?

விஜயலெட்சுமி காலையில் கைக்கு வரும் முதல் தாளை இரண்டு கண்களிலும் ஒற்றி, மேசை லாச்சியின் நான்கு மூலையிலும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வைப்பார். போணி ஆகும்வரை கடனும் கிடையாது, சில்லறையும் கிடையாது. போட்டோ கொப்பி எடுக்க நான் முதல் ஆளாகப் போய் நின்றால், "கொஞ்சம் பொறுங்க சேர், நல்ல கையா ஒண்ணு வரட்டும்" என்பார். என் கை எப்படிப்பட்டது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய கொமியூனிகேஷன் கடை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச வரும் தாய்மார் போனைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. அங்கிருந்து காசு கட்டினால் கேக், சேலை, குடை எதுவானாலும் இங்கே லயத்து வாசலுக்கே போக வேண்டும். 2007இல் பசறையில் ஓர் இணையக் கடை என்றால் கேட்டவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

மாதக்கணக்கில் வங்கி வங்கியாக ஏறி இறங்கினார். ஒரு வங்கி, சொந்தக் கட்டடம் உண்டா என்று கேட்டு அனுப்பிவிட்டது. இன்னொன்று, விற்பனையில் ஒரு பங்கு பிடித்துக்கொண்டு கார்டு வசதி தருவதாகச் சொன்னது. மூன்றாவதில் கார்டே இல்லை. கவுண்டரில் காசு கட்டி, ரசீதுத் துண்டைக் கொண்டு வரவேண்டும். கார்டு வங்கி சம்மதித்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் டொபி கொடுத்தார். "விசா, மாஸ்டர் ரெண்டும் எடுக்கும் சேர். துண்டும் கிண்டும் இனி நமக்கு எதுக்கு?" அவர் கால் தரையில் இல்லை.

மறுநாள் முகம் வாடியிருந்தது. இந்தக் கடை திறந்த அன்று போணி செய்தவர் ரெங்கம்மா, தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அந்தக் கைராசியில்தான் கடை ஓடுகிறது என்பது விஜயலெட்சுமியின் நம்பிக்கை. புதுக் கடைக்கும் அவர்தான் போணி செய்யவேண்டும். ரெங்கம்மாவிடம் கார்டுக்கு எங்கே போவது? அந்த ஒருவருக்காக மூன்றாவது வங்கியிலும் கணக்குத் திறந்து, இணையக் கடையில் 'வங்கியிலும் கட்டலாம்' என்று ஒரு வரி சேர்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இணையக் கடை திறந்த அன்று காலையிலேயே கனடாவிலிருந்து ஒரு மகள் கார்டு கொடுத்துக் கேக் கேட்டிருந்தாள். நமுனுகுலவில் இருக்கும் அம்மாவுக்கு இன்று பிறந்தநாள். மூன்று மணி பஸ்ஸில் ஏற்றாவிட்டால் கேக் நாளைக்குத்தான். முதல் வாடிக்கையாளரும் கைவிட்டுப் போய்விடுவார். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் காசு வரும்.

"அழுத்துங்களேன்" என்றேன்.

"கார்டுல வந்தாலும் போணி போணிதான் சேர். ரெங்கம்மா பேங்குக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க."

பக்கத்து பேக்கரியில் கேக்குக்குப் பெயர் எழுதி வாங்கி வைத்துவிட்டார். மவுஸைத் தொடுவார், கையை எடுப்பார், வாசலுக்கு ஓடுவார். சிரித்த எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. நானும் வாசலில்தான் நின்றேன்.

பஸ்ஸில் ஆட்கள் ஏறத் தொடங்கியபோது ரெங்கம்மா வந்தார், கையில் வங்கித் துண்டு. "அரைப் பேரு போச்சு புள்ள. பேங்குல நின்னு காலு கடுத்துப்போச்சு" என்று பாதி நாள் சம்பளத்துக்கு வருத்தப்பட்டார். அவர் வாங்கியிருந்தது கடையிலேயே மலிவான ஒரு சீப்பு.

"சீப்பக் குடு, போறேன்."

"ஒன்லைன் கடைன்னா சாமான் வீட்டுக்குத்தாங்க வரும். நீங்க போய் வாசல்ல இருங்க."

"நான் போற பஸ்லதான புள்ள அதுவும் வரும்?"

"வரட்டும். நீங்க தொடக் கூடாது."

துண்டை வாங்கிக் கண்களில் ஒற்றி, லாச்சியின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்தார். சீப்புப் பொட்டலத்தைக் கேக் பெட்டியோடு சேர்த்துக் கட்டி, கொண்டக்டரிடம் கொடுக்கும்படி என் கையில் திணித்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். இணைப்பு மெதுவாக யோசித்தது. 'பணம் கிடைத்தது' என்று திரையில் வந்தது.

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. விஜயலெட்சுமியின் கை தானாக நீண்டு, எடுக்கத் தாளில்லாமல் ஒரு கணம் நின்றது. பிறகு அந்த எழுத்துகளின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.