அரை வரி

எங்கள் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பங்காளி வீடுகளில்தான் வரி பிரிப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக இருக்கிற வீட்டுக்கு முழு வரி. துணை போய்த் தனியாக இருப்பவர்களுக்கு அரை வரி. பாவம், கஷ்டப்படுவார்களே என்று பெரியவர்கள் இரக்கப்பட்டு வைத்த வழக்கம்.

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் துக்க வீடு என்று எங்களிடம் வரி கேட்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் அவர் கையால் கட்டியது ஆயிரத்து அறுநூறு. விலைவாசிக்குக் கூடத்தான் செய்யும் என்று, இந்த வருஷம் திருத்தங்கல் அச்சாபீசில் காலண்டர் ஒட்டிய கூலியில் இரண்டாயிரத்தை ஒதுக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன்.

வரி பிரிக்க வந்தது அவருடைய சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை.

"மதினி, மேளம், பந்தல், மைக்செட்டு எல்லாம் ஏறிப்போச்சு. மொத்தம் ஒண்ணேகால் லட்சத்துக்கு ஐயாயிரம் கம்மி. முழு வரி அம்பத்தாறு வீடு, அரை வரி எட்டு வீடு."

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் மனக்கணக்கு வரும். எட்டு அரை, நாலு முழு. ஆக அறுபது பங்கு. லட்சத்து இருபதாயிரத்தை அறுபதால் வகுத்தால் இரண்டாயிரம். நூற்றுக்கு இருபத்தைந்து கூடியிருக்கிறது. சரியாகத்தான் ஒதுக்கியிருக்கிறேன் என்று பணத்தை எடுத்து நீட்டினேன்.

"என்ன மதினி இம்புட்டு? உங்களுக்கு ஆயிரம்தான். முழு வரிக்கு நானூறு கூடிருக்கு, உங்களுக்கு மட்டும் அறுநூறு மிச்சம். லாபம்தான் போங்க!"

சிரிப்புக்காகச் சொன்னார். சொன்ன பிறகு அவர் முகமே சரியில்லை.

"முழுசா எழுதிக்கோங்க தம்பி. அவுக இருந்தா குடுத்திருப்பாக."

"அதெப்படி மதினி? பங்கு அறுபதரை ஆயிரும். ஆளுக்குப் பதினாறு ரூவா சொச்சம் கொறையும். சில்லறைக்கு நான் எங்கன போவேன்?"

"கொறைஞ்சா நல்லதுதான?"

அவர் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு மட்டும் மாத்துனா மத்த ஏழு பேரும் என்ன நினைப்பாக? வேணும்னா மிச்சத்தைக் காணிக்கைன்னு எழுதிக்கிடட்டா?"

வேண்டாம் என்றேன். காணிக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். அசலூர்க்காரர்கூடப் போடலாம். வரி அப்படியில்லை. இன்னார் வீடு இங்கே இருக்கிறது என்று அம்மனுக்குச் சொல்வது அது. மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்கு வரி அவள் மாமனார் ஊரில். இங்கே நான் ஒருத்திதான். இன்னும் ஒரே ஒரு வருஷம் முழு வீடாக இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன், வேறொன்றும் இல்லை.

ஆயிரத்தை வாங்கிக்கொண்டு, "வாரேன் மதினி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்தார்.

பொங்கலன்று அம்மனிடம் நான் எதையும் கேட்கவில்லை. கும்பிட்டேன். கண்ணாடி வளையல் சாத்தி, எலுமிச்சை மாலையோடு அழகாக இருந்தாள். பூசை முடிந்து பிரசாதம் பிரித்தார்கள். முழு வரிக்கு இரண்டு மூடி தேங்காய், அரை வரிக்கு ஒரு மூடி. முந்தானையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஒரு மூடியில் பாதியைத் துருவி அரைத்த துவையலே எனக்கு இரண்டு நாளைக்கு வந்தது. மீதிப் பாதி காய்ந்துபோயிற்று. பெரியவர்கள் போட்ட கணக்கில் தப்பு இல்லை.