வேலி மூலையில் இரண்டு கற்கள்

எங்கள் வீட்டில் ஏதாவது உடைந்தால் அழக்கூட நேரம் கிடைக்காது. அதற்குள் மாமி நன்றி சொல்லி முடித்திருப்பார். மாமி அப்பாவின் தமக்கை. போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து தனியாக வந்து, உரும்பிராயில் எங்களுடன் இருந்தவர். தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தால் ஒரு துண்டைப் பொறுக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போவார். கிளுவை வேலி மூலையில் அதை வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவையும் போட்டு, "இவ்வளவோடை விட்டாய், பெரிய உபகாரம்" என்பார். யாருக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் மிச்சத் துண்டுகளைக் கூட்டி அள்ளப் போய்விடுவார்.

அந்த மூலையில் ஒரு வரிசையே சேர்ந்திருந்தது. கோப்பைத் துண்டுகள், செத்துப்போன கன்றின் கயிறு, எரிந்த தண்ணி மோட்டரின் வயர், அம்மாவின் அறுந்த செருப்பு. வரிசையின் தொடக்கத்தில் மட்டும் இரண்டு வெள்ளைக் கற்கள். அவை எதிலிருந்து உடைந்தவை என்று எனக்கு விளங்கவில்லை. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் போக எனக்குப் பயம். காற்றே இல்லாத நேரத்திலும் அங்கே ஒரு கிளுவைக் கிளை மட்டும் ஆடும், யாரோ சாய்ந்து நின்றுவிட்டு அப்போதுதான் விலகியது மாதிரி. பொருள்களை எடுக்கிற ஏதோ ஒன்று அங்கே நிற்கிறது, மாமி நல்ல வார்த்தை சொல்லி அதைச் சமாளிக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா கதலி வாழை வைத்திருந்தார். குலை வெட்டியதும் சைக்கிள் வாங்கித் தருவதாக எனக்கு வாக்கு. வெட்டுவதற்கு ஒரு கிழமை, ஏழே நாள் இருக்கையில் காற்று வந்தது. விடிந்து பார்த்தால் தோட்டம் முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அப்பா கிணற்றுக் கட்டின் மேல் குந்தியிருந்தார். மாமியோ ஒரு வாழைப்பொத்தியை முறித்து, அந்தப் பூவோடு வேலி மூலைக்குப் போய், அதே உபகாரத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமி உள்ளே போனதும் ஓடிப்போய் அந்தப் பொத்தியை ஓர் உதை விட்டேன். அது வேலியில் ஓட்டை விழுந்திருந்த பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் உருண்டது. "ஒரு உபகாரமும் இல்லை" என்று மூலையைப் பார்த்தே சொன்னேன். ஆடிக்கொண்டிருந்த கிளை நின்றது. நான் திரும்பிப் பாராமல் வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

அன்று மத்தியானம் தம்பியைக் காணவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, பாயில் நித்திரையாகக் கிடந்தவன். அம்மா தெருவுக்கு இறங்கி, ஒழுங்கை முழுக்க அவன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினார். அப்பா கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினார். அவர் வெறுங்கையோடு மேலே வரும்வரை அயலவர்கள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். விழுந்த வாழைகளுக்குள் இரண்டு தரம் தேடினார்கள். அங்கேயும் இல்லை. அவன் போனது என்னால்தான் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

வேலிப் பொட்டுக்குள் தலையை விட்டுப் பொத்தியை இழுத்தெடுத்தேன். இருந்த இடத்திலேயே வைத்து, முழந்தாளில் நின்று கும்பிட்டேன். "சைக்கிள் இல்லாமல் போனதுக்குப் பெரிய உபகாரம். இவ்வளவோடை விடு." அவ்வளவு மனதார நான் பிறகு யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அவ்வளவு பயத்தோடும் சொன்னதில்லை.

எழும்பித் திரும்பினால், விழுந்த வாழைகளுக்குள்ளிருந்து தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். உடம்பெல்லாம் வாழைச் சருகு.

அம்மா அவனை அள்ளிக்கொண்டு, "எங்கையடா கிடந்தனீ?" என்றார்.

"அண்ணையும் அக்காவும் இலையாலை மூடி விட்டவை. சத்தம் போடாமல் படு எண்டவை."

"அக்கா இஞ்சை நிக்கிறாள். நீ எந்த அக்காவைச் சொல்லுறாய்?" என்றார் அம்மா, என்னைக் காட்டி.

தம்பி வேலி மூலையைக் காட்டினான். எங்கள் வீட்டில் அண்ணை என்று ஒருவரும் இல்லை. அம்மா அவசரமாக அவனுக்குத் திருநீறு பூசினார். மாமி மட்டும் கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

பின்னேரம் நான் உதைத்ததை மாமியிடம் அழுது அழுது சொன்னேன். அவர் ஏசவில்லை. என் தலையைத் தடவி, "நானும் முதல்தரம் சொல்லேல்லை, பிள்ளை" என்றார். எதற்கு முதல்தரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மாமிக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள் என்பதே நான் பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டில் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. வன்னியில் மகன் செத்த அன்று மாமி மண்ணை அள்ளி வானத்துக்கு எறிந்து ஏசினாராம். அந்தக் கிழமையே மகளும் போய்விட்டாள். மகளையாவது விட்டதற்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் மிஞ்சியிருப்பாள் என்று மாமி நம்பினார். கோப்பை உடைந்தாலும் நன்றி சொல்லும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்ததாம்.

இதெல்லாம் தெரியாமல் அன்று பின்னேரம் நானும் தம்பியும் மாமியின் பின்னால் போனோம். அவர் அந்த இரண்டு கற்களையும் கிணற்றடியில் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, மூலையில் திரும்ப வைத்தார். வழக்கமான உபகாரத்தைச் சொல்வார் என்று நான் கைகூப்பிக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. குனிந்தபடியே, "சாப்பிட்டீங்களோ, பிள்ளையள்?" என்று கேட்டார்.

எங்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஓம், மாமி" என்றேன் நான்.